பஞ்சம் பிழைக்க வந்தவர்கள்: தாது வருடம் முதல் ஓசூர் வரை

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பெயரால் கூடியிருக்கும் இந்த அவையில் பேச அழைத்த தோழர்களுக்கு நன்றி. காலநிலை மாற்றத்தால் ஊரைவிட்டுக் கிளம்பும் மக்களை நகரங்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். இதைப் புதிய பிரச்சினை என்கிறார்கள். நம் வீடுகளில் இது பழைய கதை.

என் பாட்டி ஊத்தங்கரைப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். சிறு வயதில் நான் அள்ளி அள்ளித் தின்றால், "தாது வருசத்துல பொறந்தவ மாதிரி திங்கிறா பாரு" என்பார். தாது வருடம் என்பது 1876-77. பாட்டியே பிறக்காத காலம் அது. ஆனாலும் அந்தப் பசி எங்கள் வீட்டுப் பேச்சில் நூறு வருடம் தங்கியிருந்தது. அவருடைய தாத்தா மலைப்பாதையில் நடந்தே தங்கவயலுக்குப் போனாராம். ஏன் போனார் என்று கேட்டால் ஒரே வரிதான் பதில்: "பஞ்சம் பொழைக்கத்தான்." சமூகவியல் படிக்கப் போனபோது இதற்கு நீளமான பெயர்கள் உண்டென்று தெரிந்துகொண்டேன். பாட்டியின் இரண்டு சொற்களைவிடச் சரியான பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மழை பொய்த்தோ வெள்ளம் வந்தோ மக்கள் ஒருமுறை வெளியேறுகிறார்கள். அதைத் தடுக்க ஒரு மேயராலோ ஆணையராலோ முடியாது. வந்து சேர்ந்த நகரம் அவர்களை ஊராராக ஏற்காததால் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வெளியேறுகிறார்கள். இந்த இரண்டாவது வெளியேற்றம் நகரத் தலைவர்களின் பொறுப்பு. நம் வட்டாரத்தின் நூற்றைம்பது வருட வரலாறே இதற்குச் சாட்சி.

தாது வருடம்

அன்று கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1876இல் பருவமழை ஏமாற்றியது. அடுத்த ஆண்டும் துயரம் தொடர்ந்தது. பசிபிக் கடலில் உருவான கடுமையான எல் நினோவே அந்த வறட்சிக்குக் காரணம் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. மழை குறைந்ததற்கு எல் நினோ காரணம். மக்கள் செத்ததற்கு அது மட்டும் காரணமல்ல. மக்கள் பட்டினி கிடந்தபோதும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 தொடக்கத்தில் வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களின் கூலியில் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். இதைத் தின்று ஒருவர் வேலை செய்ய முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். வாதம் முடிவதற்குள் செத்தவர்கள் செத்தார்கள்.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.67 லட்சம். 1881இல் அது 16 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்தில் 50 லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள் 42 லட்சத்துக்கும் கீழே போனார்கள். ஓசூர் இந்த இரண்டு பேரழிவுகளுக்கும் நடுவே இருந்த ஊர். கணக்கில் குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்ல. ஒரு பகுதியினர் இலங்கைத் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் போனவர்கள்.

முதலில் கிளம்பியது யார்? நிலம் இருந்தவர் விதைநெல்லைத் தின்றார், பிறகு மாட்டை விற்றார், பிறகு நகையை அடகு வைத்தார். பண்ணையாளுக்கு விற்க எதுவும் இல்லை. மழை நின்ற மறுமாதமே கூலி நின்றது. அப்போதே அவர் சாலைக்கு வந்துவிட்டார். அதிகம் செத்தது விவசாயக் கூலிகளும் நெசவாளர்களும். பறையருக்கும் அருந்ததியருக்கும் நிலம் இல்லாதது இயற்கையின் ஏற்பாடு அல்லவே. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அதை 1891இல்தான் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பின்னர் யார் கைக்குப் போயின என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய நகரம் என்ன செய்தது? சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் திரிந்த பஞ்சப் பராரிகளைப் போலீசார் பிடித்து, முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சம் முடிந்த பிறகு உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், மக்கள் நோக்கமின்றி அலைவதை ஓர் அபாய அறிகுறியாகப் பட்டியலிட்டன. அலைகிறவனை நிறுத்து, முகாமுக்கு அனுப்பு, பிறகு ஊருக்கே திருப்பு. அரசு இடம்பெயர்வைப் பார்த்த பார்வை அதுதான். எந்த நோக்கமும் இல்லாமல் யார் நடப்பார்கள்? சோறு இருக்கும் திசை நோக்கி நடப்பதைவிடத் தெளிவான நோக்கம் மனிதருக்கு உண்டா?

தங்கவயல்: ஊராக ஆகாத ஊர்

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்தது. பஞ்சத்தில் நிலைகுலைந்த வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தலித் மக்கள் அங்கே போனார்கள். பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் அவர்களே. ஒரு சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடித்து மாண்டவர்கள் ஏராளம். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த நகரம் அது. ஆனால் தொழிலாளிக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வைத்த லைன் வீடு.

அதே லைன்களில்தான் நம் அறிவு வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயம் எழுதப்பட்டது. மாரிக்குப்பத்தில் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பின், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் பத்திரிகை நடத்தினார்கள், பள்ளி நடத்தினார்கள், பௌத்தம் பேசினார்கள்.

1930இல் அங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். நிர்வாகத்தின் பதிவேட்டில் அவர்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். உரிமை உள்ள குடிகளாக அவர்களைப் பதிவு செய்ய யாரும் முன்வரவில்லை. ஒரு பதிவேடு யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியை அவர்கள் அன்றே கேட்டுவிட்டார்கள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு கம்பெனி வீடாகவே இருந்தது. வேலை போனதும் ஊரும் போனது. இன்றும் தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வறட்சி கொள்ளுத்தாத்தாவை வெளியேற்றியது. நகரமாக ஆகாத நகரம் கொள்ளுப்பேரனை வெளியேற்றியது.

பஞ்ச ரயில்

பஞ்சத்துக்குப் பிறகு அரசு செய்த ஒரு வேலை நம் மாவட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காகக் குறுகிய பாதை ரயில் போட்டார்கள். 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வந்து, 1913இல் ஓசூர் வரை நீண்டது. லாபம் இல்லையென்று கிருஷ்ணகிரிப் பாதையை முப்பதுகளில் மூடினார்கள். ஓசூர்ப் பாதையும் நாற்பதுகளின் தொடக்கத்தில் போனது. ஓசூருக்குப் பின்னாளில் அகலப்பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை.

பஞ்சத்துக்கென்று செய்யும் ஏற்பாடு பஞ்சம் மறந்ததும் லாபக் கணக்கில் அடிபட்டுப் போகும். இன்று காலநிலைத் திட்டங்கள் என்று அறிவிக்கப்படுபவற்றையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். வருடாவருடம் வரவுசெலவில் இடம்பெறாத எதுவும் ஏழைக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஓசூர்

எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் வந்தன. 2001இல் 84 ஆயிரம் பேர் இருந்த ஓசூர் நகராட்சியில் 2011இல் 1.16 லட்சம் பேர். சுற்றுப்புற ஊர்களும் இணைந்து 2019இல் மாநகராட்சி ஆனது. 2022இல் 45 வார்டுகளுக்கு முதல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது.

இங்கே வருபவர்கள் யார்? ஊத்தங்கரை, அரூர் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து, 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடும் மண் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதனால்தான். பிறகு 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகள் காய்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளும் இரண்டாம் நாளும் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி, பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. ஒரே மண், ஒரே வருடம், முதலில் தண்ணீர் இல்லை, பிறகு தண்ணீர் தாங்கவில்லை. அந்த இரண்டுக்கும் பிறகு ஓசூர் பஸ் ஏறியவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏன் இடம்பெயர்ந்தாய் என்ற கேள்விக்கான பதில்களில் இயற்கைப் பேரிடர் என்று ஒரு கட்டம் இருந்தது. 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். மழை பொய்த்ததால் வந்தேன் என்று சொல்ல அதில் இடமில்லாமல் போனது. 'வேலைக்காக' என்ற கட்டத்தில் எல்லாம் மூடி மறைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் மாநில எல்லையைத் தாண்டி ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரைத்தான் கண்ணில் கண்டது. ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கு வந்தவளுக்கு அதில் இடம் இருக்கவில்லை. தானாக ரயிலேறி வந்த ஒடிசாக்காரருக்கும் இடம் இருக்கவில்லை.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் காலநிலையால் வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஓசூரின் மின்னணுத் தொழிற்சாலைக்கு வந்த செய்தி 2022இல் பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் மழையை மட்டுமே நம்பிய நிலமும், நிலமே இல்லாத சாதியும் எங்கே சேர்கின்றனவோ அங்கிருந்துதான் ஆட்கள் முதலில் கிளம்புகிறார்கள். தாது வருடத்திலும் அப்படித்தான்.

வந்தவருக்கு ஓசூரிலும் கிடைப்பது லைன் வீடுதான். வரிசையாக ஒற்றை அறைகள், ஆறு வீட்டுக்கு ஒரு கழிப்பறை, வாரம் ஒருமுறை டேங்கர் தண்ணீர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தங்கைக்காக நான் வீடு தேடிப் போனேன். வீட்டுக்காரம்மா வாடகை பேசி, முன்பணம் பேசி, கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகத் தெரியவந்தது. அந்தப் பெண் கடைசியில் ஏரிக்கரை ஓரத்து லைனில்தான் குடியேறினாள். நகரத்தின் தாழ்ந்த நிலத்தில் ஏன் தாழ்த்தப்பட்ட மக்களே இருக்கிறார்கள் என்று கேட்கும் திட்ட அதிகாரிகளுக்கு இதுதான் என் பதில். தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை நிலத்தின் சரிவு தீர்மானிக்கிறது. அங்கே யார் குடியிருப்பார்கள் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

பிறகு மழை வரும். ஏரி நிறையும். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் கையில் எடுக்கப்படும். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடிசைகளை அகற்றி மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமே சதுப்பு நிலப் பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளக்காட்டுக்கே அனுப்பினார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தூரம் வேறு. தாது வருடத்து முகாமின் நினைவு வருகிறதா, இல்லையா?

போவது இழப்பு மட்டுமா?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இடம்பெயர்வைப் பற்றிப் பேசும் நல்லவர்கள் பலர், கிராமத்தைச் சரிசெய்துவிட்டால் மக்கள் அங்கேயே இருப்பார்கள் என்கிறார்கள். கிராமத்தில் ஏரியைத் தூர்வாருங்கள், வேலை கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் நாங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறீர்கள்? கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று எல்லோரும் பாடியபோது, அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அதை மறுத்துப் பேசியது ஏன் என்று நமக்குத் தெரியும்.

2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. எரிந்த வீடுகளில் பல பெங்களூரில் வேலை செய்து சேர்த்த காசில் கட்டியவை. ஊரைவிட்டுப் போய் நிமிர்ந்தவர்கள்மீதுதான் அந்தக் கோபம். எனவே நமக்கு இடம்பெயர்வு துயரமும்தான், விடுதலையும்தான். நாம் கேட்பது போகாமல் தடுக்கும் திட்டத்தை அல்ல. போன இடத்தில் குடியாக நிற்கும் உரிமையைக் கேட்கிறோம்.

நகர மன்றம் செய்ய வேண்டியவை

வங்கதேசத்தின் மோங்லா ஒரு சிறிய துறைமுக நகரம். கடல் நீர் புகுந்து நிலம் உப்பான கிராமங்களிலிருந்து வரும் மக்களை டாக்காவுக்குப் போகவிடாமல் விரட்டுவதற்குப் பதிலாக, வரவேற்றுத் தங்கவைக்கும் நகரமாக அதை மாற்ற முயன்றார்கள். வெள்ளத் தடுப்புக் கரை, குடிநீர், ஏற்றுமதி மண்டலத்தில் வேலை என்று சேர்த்துத் திட்டமிட்டார்கள். பெருநகரத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை உள்ள நடுத்தர நகரங்களே இதற்கு ஏற்றவை என்று மறைந்த அறிஞர் சலீமுல் ஹக் வலியுறுத்திவந்தார். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓசூருக்கு இது நன்றாகப் பொருந்தும்.

ஓசூர், கிருஷ்ணகிரி நகரத் தலைவர்களிடம் நான் ஐந்து விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, பதிவு வார்டு அலுவலகத்தில் நடக்கட்டும், காவல் நிலையத்தில் வேண்டாம். எந்த ஊர், ஏன் வந்தீர்கள், என்ன மொழி, எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தது. அது இருப்பதே தெரியாத குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. பதிவு செய்த அன்றே அவர்களுக்கு அரிசி கிடைக்க வழி செய்யுங்கள். அன்று தங்கவயலில் கண்காணிக்கக் கேட்ட கைரேகை, இங்கே உரிமைக்கான கைரேகையாக இருக்கட்டும்.

இரண்டு, லைன் வீடுகளை நகராட்சி விதிக்குள் கொண்டுவாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, எவ்வளவு தண்ணீர், ஓடு எவ்வளவு சூடு என்பதெல்லாம் உரிமம் தரும்போது பார்க்க வேண்டியவை. சாதி கேட்டு வீடு மறுப்பவரின் உரிமத்தை ரத்து செய்யுங்கள். புதிய சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போதே குடும்பத்தோடு வாழும் வீடுகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதி திறக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் விடுதியில் ஒரு பெண் வேலையாளாக மட்டும்தான் இருக்கலாம். தாயாக, மகளாக, வார்டு வாக்காளராக இருக்க முடியாது.

மூன்று, ஏரியைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அகற்றுவது பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கட்டும். குடிசையை அகற்றினால் வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மேட்டு நிலத்தில் வீடு கொடுத்த பிறகே அகற்றுங்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவது பெங்களூரின் கழிவு. அதைக் கேள்வி கேட்கும் குரல் ஏரிக்கரைக் குடிசையைக் கேள்வி கேட்கும் அளவுக்காவது ஓங்கி ஒலிக்கட்டும்.

நான்கு, 2022 நவம்பர் முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அவை வாக்காளர்களின் சபைகள். வாக்கு ஊரில், வாழ்வு இங்கே என்று இருப்பவருக்கு அங்கே வாயில்லை. வாடகைக் குடியிருப்பவர், விடுதியில் இருப்பவர் தங்கள் மொழியில் பேச, அந்தச் சபையோடு ஒரு கூட்டத்தை மன்றம் நடத்தலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூருக்கு இன்னும் இரண்டு மொழி பாரமா?

ஐந்து, எல்லையைத் தாண்டிய ஏற்பாடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு நான்கு மணி நேர அவகாசத்தில் வந்தபோது, வேலை இழந்தவர்கள் ஊர் நோக்கி நடந்தார்கள். 2023 அக்டோபர் 7இல் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில் கருகியவர்களில் பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். அரூர் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து பல பிள்ளைகள் போயிருந்தார்கள். வேலை எல்லைக்கு அப்பால், வீடு எல்லைக்கு இப்பால் இருப்பவருக்கு யார் பொறுப்பு? இரு மாவட்ட நிர்வாகங்களும் தொழிலாளர் துறைகளும் உட்கார்ந்து பேச ஒரு நிரந்தர மேசை வேண்டும்.

நம் வேலை

மன்றத்திடம் கேட்டுவிட்டு நாம் கலைந்துபோக முடியாது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரின் தமிழர் குடிசைகள் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். அப்போது அந்த நகரத்தில் நாம்தான் வந்தேறிகள். இன்று ஓசூர் டீக்கடையில் 'வடக்கன்' என்ற சொல் எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! நம் காலனிப் பையன்களும் சொல்கிறார்கள். அந்த 'வடக்கன்' பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று கேளுங்கள். பல நேரம் அவர் நம் ஆளாகவே இருப்பார்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. நம் தோழர்கள் லைன் வீடு லைன் வீடாகப் போய், யாரும் விடுபடாமல் பார்க்கலாம். மழையால் வந்தேன் என்று எழுதக் கட்டம் இல்லாவிட்டால், அந்தக் கணக்கை நம் மன்றமே தனியாக எடுக்கலாம். தங்கவயல் லைன்களில் நம் முன்னோர் பத்திரிகையே நடத்தினார்கள். நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுத முடியாதா?

பாட்டியின் தாத்தா தங்கவயலில் செத்தாரா, திரும்பினாரா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்தப் பதிவேட்டிலும் அவர் ஊராராக எழுதப்படவில்லை. ஓசூர் லைன் வீடுகளில் இன்று இரவு படுத்திருப்பவர்களைப் பற்றி அவர்கள் பேரப்பிள்ளைகளும் இப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது.